ஆடாத நாடி

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ஒரு மீனவர் ஊரில் நாச்சியாரம்மாள் வைத்தியம் பார்த்துவந்தார். அவரிடம் பாடம் கேட்ட ஆவுடையப்பன் அவரைவிடப் பல வயது மூத்தவர்.

முன்பு ஆவுடையப்பன் தேர்ச் சக்கரத்துக்குத் தடுப்புக் கட்டை போடுகிறவராக இருந்தார். ஒரு வருடம் தேர் சரிவில் இறங்கும்போது நெஞ்சு படபடத்தது. கை ஒரு கணம் தயங்கியது. சக்கரம் அவருடைய தம்பியின் காலில் ஏறிவிட்டது. கால் போயிற்று. இங்கே தூக்கிவந்தார்கள்; உயிரை நாச்சியாரம்மாள் மீட்டுக் கொடுத்தார். காயம் ஆறியதும் தம்பி ஊர் திரும்பினான். ஆவுடையப்பன் திரும்பவில்லை.

தைலம் காய்ச்சுவதும் எலும்புக்குக் கட்டுப் போடுவதும் அவருக்குக் கைவந்துவிட்டன. கத்தியை மட்டும் தொடமாட்டார். முதலில் நெஞ்சை அடக்கவேண்டும் என்று வைராக்கியம். தினமும் விடியலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மூச்சை இறுக்கிப் பிடிப்பார்.

ஒரு நாள் காலையில் ஈரத்தலையோடு வந்து கையை நீட்டினார்.

“பாருங்கம்மா. இப்போ ஆடல.”

நாச்சியாரம்மாள் நாடியில் விரல் வைத்தார்.

“ஆமா அண்ணாச்சி. தச்சன் ஆணி அடிக்கிற மாதிரி ஒரே சீரா இருக்கு.”

ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது.

“யாருக்குப் பயந்துக்கிட்டு இருக்கீங்க?”

“பயமா? எனக்கா?”

நாச்சியாரம்மாள் தன் கையை நீட்டினார். “இதைப் பிடிச்சுப் பாருங்க.”

பிடித்தார். நாச்சியாரம்மாளின் மூச்சு உள்ளே போனபோது நாடி சற்றே விரைந்தது. மூச்சு வெளியே வந்தபோது தளர்ந்தது. மறுபடி விரைந்தது, மறுபடி தளர்ந்தது. ஆவுடையப்பனுக்குக் கவலை வந்துவிட்டது.

“உடம்புக்கு ஏதும் செய்யுதாம்மா? ஒரு நிலையா நிக்கலையே?”

அப்போது வாசலில் அழுகுரல் கேட்டது. மரியசெல்வம் தன் கணவன் மிக்கேலைத் தோளில் சாய்த்து அழைத்துவந்தாள். தூண்டில் வீசும்போது காற்றில் திரும்பிய முள், மிக்கேலின் கண்ணுக்குக் கீழே இமையோரத்தில் ஏறியிருந்தது.

“கண்ணு போயிருமோ தாயி?”

“முள்ளு இன்னும் கண்ணைத் தொடல. அழாம அந்தப் பக்கம் உக்காரு.”

மிக்கேலைப் பாயில் படுக்கவைத்தார்கள். நாச்சியாரம்மாள் தலைமாட்டில் அமர்ந்து, ஒரு கையால் அவன் தலையை அணைத்து, மறு கையின் விரலைக் கண்ணுக்கும் முள்ளுக்கும் நடுவே அணையாக வைத்தார்.

“எனக்கு ரெண்டு கையும் இங்க வேணும். தோலை நீங்கதான் கீறணும் அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் மூச்சை இழுத்தார். பிடித்துக்கொண்டார். கத்தியை எடுத்தார். கை நடுங்கவில்லை. முள் ஏறிய இடத்தில் பார்வையைக் குத்தி வைத்தார். அழுகை மறைந்தது, பாய் மறைந்தது, மிக்கேலின் முகமே மறைந்தது. முள்ளின் நுனி மட்டும் இருந்தது. கத்தியை இறக்கினார்.

நாச்சியாரம்மாளின் முழங்கை அவர் மணிக்கட்டை ஓங்கித் தட்டியது. கத்தி எகிறிச் சுவரோரம் விழுந்தது. அதே கணம் மிக்கேல் உடம்பு குலுங்கத் தும்மினான்.

மிக்கேல்தான் மெல்லச் சொன்னான்: “தும்மல் வருது, தும்மல் வருதுன்னு சொல்லிக்கிட்டேதான இருந்தேன் அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் முகம் வெளுத்துவிட்டது. “என் காதுல விழலையேப்பா.”

“கத்தியைச் சுட்டு எடுத்துட்டு வாங்க,” என்றார் நாச்சியாரம்மாள்.

“வேண்டாம்மா. என் கை இப்போ நடுங்குது.”

“நடுங்கட்டும். பிடிச்சு வச்சிருக்கிற மூச்சை விடுங்க.”

விட்டார். நெடுநேரம் வந்துகொண்டே இருந்தது அது. அடுத்த மூச்சு தானாக உள்ளே போனது. மரியசெல்வம் விசும்புவது கேட்டது. மிக்கேலின் மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது.

கத்தியைத் தீயில் காட்டிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். பயம் அப்படியேதான் இருந்தது.

“மிக்கேலு, இன்னொரு தும்மல் இருக்கா?”

“இல்ல அண்ணாச்சி.”

“வந்தா சொல்லு. நிறுத்திருதேன்.”

கீறினார். மிக்கேல் முனகியதும் நிறுத்தினார். அவன் தலையசைத்ததும் தொடர்ந்தார். முள் வழுக்கிக்கொண்டு வந்து கிண்ணத்தில் விழுந்தது.

மரியசெல்வம் ஓடிவந்து குனிந்தாள். “தெரியுதா? என்னைத் தெரியுதா?”

“மூக்கை மொதல்ல தொடைடி,” என்றான் மிக்கேல்.

அவர்கள் போன பிறகு ஆவுடையப்பன் பாயை உதறி வெயிலில் போட்டார். திரும்பி வந்தும் உட்காரவில்லை.

“அம்மா, நீங்களும் அந்த முள்ளைத்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

“ஆமா.”

“என்னைவிடக் கூர்ந்து பாத்தீங்களா?”

“இல்ல. உங்க அளவுக்கு என்னால பாக்கமுடியாது.”

“பின்னே அவன் சொன்னது உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?”

நாச்சியாரம்மாள் கைகழுவிய தண்ணீரை வாழையின் அடியில் ஊற்றினார்.

“முள்ளைப் பாத்தேன் அண்ணாச்சி. விட்டேன். மறுபடியும் பாத்தேன். விட்ட நேரத்துல அவன் சொன்னது கேட்டுது.”