கம்பியின் தெம்பு

மரகதவல்லியின் ஆய்வு வழிகாட்டி இருதயராஜ், அவளுக்குத் தம்பி வயதுக்காரர். அவள் அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'அக்கா' என்பார். பாலிடெக்னிக் வேலையை உதறிவிட்டு ஆய்வுக்கு வந்தவள் அவள்.

டங்ஸ்டன் ஆக்சைடை நுண்துகளாக்கிக் கரி இழையில் நெய்த துணியில் பூசுவாள். அதையும், எதிர்முனையாக ஒரு பிளாட்டினக் கம்பியையும் அமிலநீரில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், தண்ணீர் பிளந்து ஹைட்ரஜன் குமிழி கிளம்பும். மறுநாள் ஆய்வுக்குப் பணம் தரும் குழு வந்து பார்க்கப்போகிறது. குமிழி பிடித்துப்போனால் இன்னும் ஒரு வருடத்துக்குப் பணம் கிடைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சார், ஒரு சந்தேகம். எல்லாரோட பொடியும் ஓட ஓடக் களைச்சுப்போகுது. என்னோடது மட்டும் நாளுக்கு நாள் தெம்பா குமிழி விடுதே, எப்படி?"

அவர் எதிர்முனையில் இருந்த பிளாட்டினக் கம்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு கரிக்குச்சியை மாட்டினார்.

"புதுத் துணியில பூசிக் கொண்டாங்க அக்கா."

கொண்டுவந்தாள். குமிழி வந்தது. வழக்கமாக வருவதில் பாதிகூட இல்லை. எவ்வளவு நேரம் ஓட்டியும் கூடவில்லை.

அவள் பழைய துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கம்பி கரைஞ்சு வந்து என் துணியில உட்கார்ந்திருக்கு. கூடுதலா குமிழி விட்டது அதுதான்."

"ஆமா."

விஷயத்தைக் கேட்ட துறைத்தலைவர் சிரித்தார். "நாளைக்கு ஒரு நாள் கம்பியையே மாட்டும்மா. எவன் கேக்கப்போறான்?"

அவர் போனதும் அவள் இருதயராஜிடம் கேட்டாள். "எதை மாட்டட்டும் சார்?"

"குழு முன்னாடி நிக்கப்போறது யாரு?"

அவள் கரிக்குச்சியை இறுக்கி முடுக்கினாள். "போனா போகட்டும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

மறுநாள் குழுத்தலைவர் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார். என் பொடியால முடிஞ்சது இது."

துறைத்தலைவரின் முகம் சுண்டிப்போனது.

"நீங்க அனுப்பின வரைபடத்துல பொங்கி வழிஞ்சுதே?"

"அது பிளாட்டினக் கம்பியோட வேலை. கவனிக்காதது என் தப்பு. ஆனா இந்தக் கரிக்குச்சியை எடுக்கச் சொன்னா எடுக்கமாட்டேன்."



குழுத்தலைவர் இருதயராஜ் பக்கம் திரும்பினார். "நீங்களாவது கம்பியையே மாட்டச் சொல்லக் கூடாதா? அந்த வேகம் இருந்திருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

இருதயராஜ் சட்டைப்பையிலிருந்து கம்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அந்த வேகம் இதோ இருக்கு சார். இதுக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."