மாட்டேன் என்னும் பதில்

"என் வரைவில் என்ன குறை, மேடம்?"

திருவேங்கடம் மறுபடியும் கேட்டார்.

பிலோமினா காகிதக் கட்டை அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"குறைன்னு நான் சொல்லவே இல்லையே, சார்."

"அப்புறம் ஏன் இழுத்துக்கிட்டே போகுது?"

"நைனா முகமது வரட்டும்."

திருவேங்கடம் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தார். பாதி வாழ்க்கையை மெயின்பிரேம் என்னும் பெருங்கணினிகளின் பக்கத்திலேயே கழித்தவர். பிலோமினா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் உலகத்துக்குப் பொதுவாக ஒரு விதியை எப்படி எழுதுவது என்பதை அவர் பிலோமினாவிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

அது இணையம் ஊர் ஊராகப் பரவத் தொடங்கியிருந்த காலம். அதுவரை மெயின்பிரேமில் உள்ளதைப் பார்க்க வேண்டுமென்றால் தனிக் கேபிளில் இணைத்த, திரையும் விசைப்பலகையும் மட்டுமே உள்ள டெர்மினல் முன்னால்தான் உட்கார வேண்டும். இனி எந்த ஊரில் உள்ள எந்தக் கணினியும் இணையம் வழியே டெர்மினலாக மாறலாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகப் பேசியது. ஒருவர் எழுதிய புரோகிராம் இன்னொருவருடைய மெயின்பிரேமுக்குப் புரியவில்லை. எல்லாருக்கும் ஒரே விதி வேண்டும் என்று ஒரு குழு கூடியது. பிலோமினா அதன் தலைவர். வரைவை எழுதியவர் திருவேங்கடம்.

குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதியவரிடம் எதுவும் கேட்காமல், வரைவை மட்டும் படித்து வேறொருவர் புரோகிராம் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டால்தான் அது விதி.

நைனா முகமது வந்தார். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர். கையில் ஒரு பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் மூடியில் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

"இதுலயா?" என்றார் திருவேங்கடம்.

"நான் எழுதிக் குடுக்கற தீவு ஆஸ்பத்திரியில இருக்கறது இதுதாண்ணே."

இரண்டு கணினிகளையும் இணைத்தார்கள். திருவேங்கடத்தின் கணினி மெயின்பிரேமாக நடித்தது. ஒரு ரத்த வங்கியின் இருப்பு அதில் இருந்தது. நைனாவின் கணினி தீவு ஆஸ்பத்திரி; ரத்தப் பையில் ஒட்டும் லேபிள் அங்கே உள்ள பிரிண்டரில் அச்சாக வேண்டும்.

"வரைவுல ஒரு இடத்துல எனக்கு..." என்று நைனா ஆரம்பித்தார்.

"அது என்னன்னா..." என்று திருவேங்கடம் வாயைத் திறந்தார்.

பிலோமினா கையை உயர்த்தினார்.

"சார், இந்த வரைவு போற ஊருக்கெல்லாம் நீங்களும் கூடவே போவீங்களா?"

திருவேங்கடம் வாயை மூடிக்கொண்டார்.

நைனா பொத்தானை அழுத்தினார்.

கணினிகளுக்கு இடையே இந்த மாதிரிப் பேச்சு எப்போதும் கேள்வியில்தான் தொடங்கும். ஒரு பக்கம் 'இதைச் செய்வாயா?' என்று கேட்கும். மறுபக்கம் 'செய்வேன்' என்றோ 'மாட்டேன்' என்றோ சொல்லும்.

மெயின்பிரேம் கேட்டது: லேபிள் அச்சானதும் எனக்குத் தகவல் சொல்வாயா?

பழைய கணினி சொன்னது: மாட்டேன்.

திரை இருண்டது. தொடர்பு அறுந்துவிட்டது.

"உங்க புரோகிராம்ல தப்பு," என்றார் திருவேங்கடம்.

"இல்லண்ணே. அங்க உள்ள பிரிண்டருக்குத் தகவல் சொல்லத் தெரியாது. அதனால மாட்டேன்னு உண்மையைச் சொல்லுது. மாட்டேன்னு சொன்னா தொடர்பைத் துண்டிக்கணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

திருவேங்கடம் பக்கத்தைப் புரட்டினார். அவர் எழுதியதுதான். அழகான ஒற்றை வரி.

பிலோமினா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள், சார். நீங்க நெனச்சது எதுவோ அது அப்படியே நடந்திருக்கு. ரெண்டு பக்கமும் வரைவைத் துளி மீறல. கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

பிலோமினா பேனாவைத் திறந்தார்.

திருவேங்கடம் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றார்.

பிலோமினா பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார்.

"நைனா, அந்த ஆஸ்பத்திரியில ரத்த இருப்பை இப்ப எப்படிப் பார்க்கறாங்க?"

"போன்ல கேப்பாங்க. லைன் கிடைச்சா உண்டு. படகுல ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி ரத்தம் இருக்கான்னு தெரிஞ்சாகணும்ல."

"வேற பிரிண்டர் வாங்கக்கூடாதா?"

"வாங்கலாம். வாங்கறவரைக்கும்?"

திருவேங்கடத்தின் குரல் ஏறியது.

"மேடம், நான் பிடிவாதத்துக்கு இதை எழுதல. பதில் தகவல் வராட்டி, லேபிள் அச்சாயிடுச்சுன்னு மெயின்பிரேம் பாட்டுக்கு நெனச்சுக்கும். அங்க பேப்பர் தீர்ந்திருக்கும். பை மேல முந்தின ஆளோட லேபிளை ஒட்டிட்டா? இது ரத்தம். ஒருத்தர் செத்துப் போவார்."

"உங்க பயம் சரியானது, சார்," என்றார் பிலோமினா. "அதை விட்டுடாதீங்க."

"அப்ப துண்டிக்கறதும் சரிதானே?"

பிலோமினா தன் நாற்காலியை இழுத்துப் பழைய கணினிக்கு முன்னால் போட்டார். "உக்காருங்க" என்று கை காட்டினார்.

திருவேங்கடம் தயங்கி உட்கார்ந்தார். இந்தப் பக்கத்தில் அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை.

"ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்," என்றார் பிலோமினா. "இருக்கான்னு பாருங்க."

திருவேங்கடம் பொத்தானை அழுத்தினார்.

கேள்வி வந்தது. அவருடைய சொந்தக் கேள்வி. மாட்டேன் என்றது கணினி. திரை இருண்டது.

மறுபடி அழுத்தினார். இருண்டது.

"இருக்கா, சார்?" என்றார் பிலோமினா.

"தெரியல."

"படகை அனுப்பட்டுமா?"

"தெரியல, மேடம்."

அவர் கை விசைப்பலகையின் மேலேயே இருந்தது. நைனா தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

குடித்து முடித்துவிட்டுத் திருவேங்கடம் நைனாவைப் பார்த்தார்.

"லேபிள் இல்லாம, இருப்பைக் காட்டற திரை மட்டும் வந்தா உபயோகமா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? திரை வந்தா போதும். லேபிளை சிஸ்டர் கையால எழுதி, ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஒட்டுவாங்க. இப்பவும் அப்படித்தான்."

"நான் லேபிள் அனுப்ப மாட்டேன். தகவல் சொல்லத் தெரியாத இடத்துக்கு அனுப்பவே மாட்டேன்."

"அனுப்பாதீங்க. திரையைக் குடுங்க."

திருவேங்கடம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த அழகான வரியை அடித்தார். ஓரத்தில் எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். நைனாவிடம் ஒன்றும் விளக்காமல் காகிதத்தை அப்படியே நீட்டினார்.

நைனா படித்துவிட்டு, "இங்க ஒண்ணு புரியல," என்றார்.

திருவேங்கடம் வாயைத் திறந்தார். பிறகு காகிதத்தை வாங்கித் திருத்தினார்.

பிலோமினா பேனாவை மூடி வைத்துவிட்டு மூவருக்கும் சாப்பாடு வாங்கக் கீழே போனார்.

அவர் திரும்பி வந்தபோது இரண்டு கணினிகளும் மறுபடி இணைந்திருந்தன. திருவேங்கடம் இன்னும் பழைய கணினி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் நைனா.

மெயின்பிரேம் கேட்டது: லேபிள் அச்சானதும் எனக்குத் தகவல் சொல்வாயா?

பழைய கணினி சொன்னது: மாட்டேன்.

இந்த முறை திரை இருளவில்லை.

மெயின்பிரேம் சொன்னது: சரி. வேறு என்ன செய்வாய்?