கசப்புக்குத் தப்பிய ஒற்றைக் கிருமி

அந்தக் காலத்தில் மரம் பேசும், கொசு பேசும், உடம்புக்குள் இருக்கிற காய்ச்சல் கிருமிகூடப் பேசும். பேசி என்ன, அந்தக் கிருமிக்கு அப்போது ஒரு சாமர்த்தியமும் கிடையாது. தாய் எப்படியோ பிள்ளை அப்படியே, பிள்ளை எப்படியோ பேரன் அப்படியே. ஒன்றைக் கொல்லத் தெரிந்தால் ஒரு கோடியையும் கொன்றுவிடலாம். அதற்கென்றே மலைச்சரிவில் கசப்பு மரம் என்று ஒன்று நின்றது. அதன் பட்டையை இடித்துக் காய்ச்சி ஏழு நாள் குடித்தால் எப்பேர்ப்பட்ட குளிர்காய்ச்சலும் ஓடிவிடும்.

அந்த மலையில் விருமாயி என்று ஒருத்தி இருந்தாள். கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பது அவளுக்கும் நன்றாகத் தெரியும். சாமை விதைப்பதிலிருந்து தேள்கடிக்கு மந்திரிப்பது வரை அவளைக் கேட்காமல் ஊரில் ஒன்றும் நடக்காது. ஓர் ஆடி மாதம் அவள் புருஷன் சடையன் காய்ச்சலில் விழுந்தான். மூன்று கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. விருமாயி நேரே மரத்திடம் போய்ப் பட்டை கேட்டாள்.

"எடுத்துக்க தாயி," என்றது மரம். "ஏழு நாளுக்கு ஏழு துண்டு. காய்ச்சல் நடுவுலயே விட்டுடும். அதுக்காக மருந்தை நிறுத்திடாத."

"இது எனக்குத் தெரியாதா ஆத்தா?" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சடையன் எழுந்து உட்கார்ந்து களி கேட்டான். அன்றைக்கென்று பார்த்து ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள். வருஷா வருஷம் முதல் காப்பு சடையன் கையில்தான் ஏறும். ஆனால் மருந்து குடிக்கிறவன் காப்புக் கட்டக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் நோய் தீர்ந்ததாக அர்த்தம். அதற்கப்புறம் மருந்தை வாயில் வைப்பது, போன நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல.

"காப்பு வேற ஆளுக்குப் போயிடும் போலிருக்கே புள்ள," என்று சடையன் முகத்தைத் தொங்கப்போட்டான்.

"நான் இருக்கிறப்ப அது எப்படி மாமா போகும்? காய்ச்சல்தான் விட்டுடுச்சே. வா, தலைக்கு ஊத்துறேன்."

ஊற்றினாள். மிச்சமிருந்த நான்கு துண்டுப் பட்டையையும் எருக்குழியில் வீசினாள். அந்த வீச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சடையனின் ரத்தத்துக்குள் கோடிக் கிருமிகள் செத்துக் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் சாகவில்லை. அது கொஞ்சம் அச்சுப் பிசகிப் பிறந்தது. அந்தப் பிசகினால் கசப்பு அதற்குள் சரியாக இறங்கவில்லை, கிருமி அரை மயக்கமாகக் கிடந்தது. இன்னும் நான்கு நாள் மருந்து போயிருந்தால் அதற்கும் சங்குதான். கசப்பு வருவது நின்றதும் கண்ணைத் திறந்து பார்த்தது.

"அட, வீடு முழுக்கக் காலி! இனி நான் வெச்சதுதான் சட்டம்," என்றது. ஒன்று பத்தானது, பத்து நூறானது. பிள்ளைகள் அத்தனையும் தாயைப் போலவே கசப்புக்கு அசராதவை. சடையனுக்குக் காய்ச்சல் காட்டாமல் உள்ளேயே பதுங்கியிருந்தன.

திருவிழா முடிந்து பத்து நாள் ஆயிற்று. ஒரு கொசு கிழக்கூரில் ஒரு காய்ச்சல்காரனைக் கடித்து அரை வயிறு நிரப்பிக்கொண்டு, மீதி அரை வயிற்றுக்குச் சடையனிடம் வந்தது. அதே கொசு கொஞ்ச நாள் கழித்து அவர்கள் ஒரே மகள் செங்காணியைக் கடித்தது. ஐந்து வயசுக் குழந்தை. நடுக்கம் கண்டது. விருமாயி பதறவில்லை. புதுப் பட்டை கொண்டுவந்து காய்ச்சிக் கொடுத்தாள். மூன்று நாள் போயிற்று, ஐந்து நாள் போயிற்று, காய்ச்சல் இறங்கவே இல்லை. குழந்தையின் கண் மஞ்சளாகி, பேச்சு குழறியது. வாழ்க்கையில் முதல்தடவையாக விருமாயிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சுவரில் உட்கார்ந்திருந்த கொசுவை இரண்டு விரலில் பிடித்தாள். "சொல்லுடி, என் புள்ளைக்குள்ள என்னத்த விட்ட?"

"நசுக்கிடாத, சொல்றேன்," என்றது கொசு. "உன் புருஷன் ரத்தத்துல ஒருத்தி இருந்தா, கசப்புக்கு அசராதவ. கிழக்கூர்க்காரன் ரத்தத்துல ஒருத்தன் இருந்தான், அவனும் அச்சுப் பிசகிப் பொறந்தவன், அடிக்கடி சட்டை மாத்துறவன், உடம்போட காவக்காரங்களுக்கு அடையாளமே தெரியாது. ரெண்டு பேருக்கும் என் வயித்துலதான் கல்யாணம் நடந்துச்சு. பொறந்ததுங்க ரெண்டு வித்தையும் தெரிஞ்சுக்கிட்டே பொறந்துச்சுங்க."

"கசப்புக்குப் பழகினவ என் வீட்டுக்கு எப்படி வந்தா?"

"எங்கிருந்தும் வரல. நீதான் பாதியில விட்டு வளர்த்த."

விருமாயி மரத்தடிக்கு ஓடினாள். கெட்டிக்காரத்தனமெல்லாம் எங்கோ போயிருந்தது. "நாலு துண்டைத் தூக்கி எறிஞ்சேன் ஆத்தா. தப்பு என்னோடது. என் பொண்ணு சாகப்போறா."

மரம் திட்டவில்லை. "என் கசப்பு இனிமே அதுங்களுக்குப் பழங்கஞ்சி," என்றது. "ஆத்துக்கு அந்தப் பக்கம் துவர்ப்பு மரம் நிக்குது. எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, பரவாயில்ல. ரெண்டு பட்டையையும் சேர்த்துக் காய்ச்சு. என்கிட்ட தப்பினது அவகிட்ட சாகும், அவகிட்ட தப்பினது என்கிட்ட சாகும். ரெண்டுக்கும் தப்புற ஒண்ணு பொறக்கிறதுக்குள்ள மொத்தத்தையும் முடிச்சிடணும்."

ஆற்றில் மார்பளவு தண்ணீர். விருமாயி இறங்கிக் கடந்து, பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

இரண்டையும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்த மூன்றாம் நாள் செங்காணி கஞ்சி கேட்டாள். சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. "விட்டுடுச்சு புள்ள! தலைக்கு ஊத்திடலாம். பாவம், வாயெல்லாம் புண்ணாக் கெடக்கு."

"கிட்ட வராத மாமா," என்றாள் விருமாயி. குழந்தையைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். செங்காணி அவள் விரலைக் கடித்தாள், "நீ எனக்கு அம்மா இல்ல" என்று கத்தினாள். விருமாயி அழுதுகொண்டே ஊற்றினாள். ஏழாம் நாள் கடைசி வாயும் இறங்கிய பிறகுதான் வெந்நீர் வைத்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. சடையனையும் அதே மருந்தை ஏழு நாள் குடிக்கவைத்தாள்.

ஆனால் அதற்குள் கொசுக்கள் அந்தக் கிருமியின் பிள்ளைகளை ஆற்றைத் தாண்டிப் பல ஊர்களுக்குக் கொண்டுபோய்விட்டன. அவற்றைத் திருப்பிக் கூப்பிட விருமாயியாலும் முடியவில்லை. ஊர் ஊராகப் போய் இரண்டு பட்டையைச் சேர்த்துக் காய்ச்சுகிற பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தாள். தான் செய்த தப்பையும் மறைக்காமல் சொன்னாள்.

அன்று முதல்தான் காய்ச்சல் கிருமி ஒவ்வோர் உடம்பிலும் ஒரு புது வித்தையைக் கற்றுக்கொள்கிறது, மனுஷரும் ஒரே மருந்தை நம்பாமல் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், காய்ச்சல் விட்டுச் சிரித்து விளையாடுகிற பிள்ளையையும் பிடித்து உட்காரவைத்துத் தாய்மார்கள் மிச்ச மருந்தைப் புகட்டுகிறார்கள்.