துடுப்பை இறக்க வந்த ஏணி

மற்ற ராஜாக்களுக்கு மீசைமேல் ஆசை என்றால், தோணியூர் ராஜா மகரகேதுவுக்கு ஒரு துடுப்பின்மேல் ஆசை. தங்க முலாம் பூசிய துடுப்பு. சிம்மாசனத்துக்கு நேர் மேலே, எட்டாத உயரத்தில் தொங்கும். போன வருடம் மிளகுத்தீவில் நடந்த படகுப் போட்டியில் குன்றூர் ராஜாவை ஜெயித்து வாங்கியது. காலையில் அதை ஒரு தடவை அண்ணாந்து பார்க்காவிட்டால் அவருக்குப் பலகாரம் இறங்காது. அந்தப் போட்டியின் கதையைக் கேட்டுக் கேட்டு மந்திரி திருமலைக்கொழுந்துக்குக் காது புளித்துவிட்டது.

ஒரு நாள் சபைக்கு மைமூன் நாச்சியார் என்ற அம்மாள் வந்தாள். கடல் தாண்டிய சங்குத்துறைக்காரி. சொந்தக் கப்பல் உள்ளவள்.

"ராஜாவே, என் கப்பலை உங்கள் ஊர் வடமலையப்பன் ஒரே ஒரு நடைக்கு வாடகைக்கு எடுத்தார். நடை முடிந்தும் திருப்பித் தரவில்லை. தான் பாய்மரம் மாற்றியதால் கப்பலே தனக்குத்தான் என்கிறார். தகராறு வந்தால், மிளகுத்தீவில் வழக்குத் தீர்த்துவைக்கும் மூவரிடம் போவது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். போனோம். கப்பல் என்னுடையது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அது இங்கே உங்கள் துறைமுகத்தில் சங்கிலி போட்டு நிற்கிறது. ஒன்பது நாளில் காற்று திரும்பிவிடும். அதற்குள் கிளம்பாவிட்டால் என் மாலுமிகள் நாற்பது பேருக்கும் ஒரு வருடம் பிழைப்பு இல்லை."

திருமலைக்கொழுந்துக்கு மனசு கேட்கவில்லை.

வடமலையப்பன் எழுந்தார். அரண்மனைக்கு அடுத்த கிடங்கு அவருடையது. மாலையில் ராஜாவோடு சொக்கட்டான் ஆடுகிறவர். ராஜாவை எங்கே தட்டிக்கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மகாராஜா! எங்கேயோ ஒரு தீவில் மூன்று பேர் உட்கார்ந்து சொன்னால் தங்கள் மண்ணில் அது செல்லுமா? அப்புறம் தாங்கள் எதற்கு, இந்தச் சபை எதற்கு? வழக்கை முதலிலிருந்து இங்கேயே விசாரியுங்கள். அவசரமே இல்லை. ஒரு வருடம் ஆனாலும் நான் காத்திருக்கிறேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. "அதானே! கொழுந்து, எழுதும். வேற்று நாட்டில் சொன்ன தீர்ப்பு எதுவும் தோணியூரில் செல்லாது."

"எதுவுமா மகாராஜா?"

"எதுவும்! ஒன்றைக்கூட விடக் கூடாது. இப்போதே நடக்க வேண்டும்."

"உத்தரவு" என்று பணிவாகக் குனிந்த மந்திரி, வடமலையப்பன் பக்கம் திரும்பினார். "உங்கள் கிடங்கில் ஒரு நெட்டை ஏணி இருக்குமே, கொஞ்சம் இரவல் தருவீர்களா?"

வடமலையப்பனுக்கு வாயெல்லாம் பல். "ஏணிக்கு என்ன பஞ்சம்? எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆளை அனுப்பினார். ஏணி வந்தது. திருமலைக்கொழுந்து அதைச் சிம்மாசனத்துக்குப் பின்னால் சாத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, விறுவிறுவென்று ஏறினார். துடுப்பில் கை வைத்தார்.

"ஓய்! ஓய்! என்ன செய்கிறீர்?" ராஜா பதறிக்கொண்டு எழுந்தார்.

"உத்தரவை நிறைவேற்றுகிறேன். அன்றைக்கு இரண்டு படகும் ஒட்டிக்கொண்டு வந்தன. யார் முந்தி என்று சண்டை. நம் படகு ஒரு சாண் முந்தி என்று சொன்னது யார்? இதே மிளகுத்தீவு மூவர்தான். அது இங்கே செல்லாதே! துடுப்பைக் குன்றூருக்கு அனுப்பிவிட்டுப் போட்டியை முதலிலிருந்து நடத்துவோம். நம் துடுப்புக்காரர்களில் நாலு பேருக்கு இப்போது முழங்கால் வலி. என்ன செய்வது, சமாளிப்போம்."

"அது எப்படி ஐயா நியாயம்? போட்டிக்கு முன்னாலேயே இரண்டு பேரும் அந்த மூவரை ஒப்புக்கொண்டோமே! தோற்ற பிறகு மாட்டேன் என்று சொன்னால் குன்றூரான் ஒரு மனுஷனா?"

மந்திரி ஏணியில் நின்றபடியே வடமலையப்பனைப் பார்த்தார். ராஜாவும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"வடமலையப்பா, அந்த மூவர் உம்மை முறையாகக் கூப்பிட்டார்களா?"

"கூப்பிட்டார்கள்."

"பேச விட்டார்களா?"

"பன்னிரண்டு நாள் பேசினேன்."

"யாராவது கைக்கூலி வாங்கினார்களா? நீங்கள் இருவரும் கேட்காத விஷயத்துக்குத் தீர்ப்புச் சொன்னார்களா?"

"அதெல்லாம் இல்லை. ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டார்கள், மகாராஜா."

"குன்றூரானும் போன வருடம் இதையேதான் சொன்னான்!"

ஆனாலும் ராஜாவுக்கு ஒரு முள் உறுத்தியது. "இருந்தாலும் கொழுந்து, என் துறைமுகத்தில் வேறு யாரோ உத்தரவு போடுவதா?"

"அவர்கள் எங்கே போட்டார்கள்? ஜெயித்தது நீங்கள் என்று சொன்னதோடு சரி. இந்தச் சுவரில் துடுப்பை மாட்டு என்று சொன்னது யார்? நீங்கள். ஆணி அடித்தது நம் ஆசாரி. கப்பலும் அப்படித்தான். யாருடையது என்று அவர்கள் சொல்லியாயிற்று. சங்கிலியை அவிழ் என்று சொல்ல இந்த ஊரில் உங்களை விட்டால் ஆள் ஏது?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவிழ்த்துவிடுங்கள் சங்கிலியை! இன்றைக்கே!"

மைமூன் நாச்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். ராஜா கழுத்து மாலையைக் கழற்றி மேலே நீட்டினார். "இது உமக்கு. வேறு என்ன வேண்டும், கேளும்."

"முதலில் இறங்க வேண்டும் மகாராஜா. ஏறும்போது இருந்த தைரியம் இப்போது இல்லை. கால் நடுங்குகிறது. யாராவது ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வடமலையப்பா, ஏணி உம்முடையதுதானே? வந்து பிடியும்!"