நீலக் கட்டம் போட்ட சட்டை

“அம்மா, ஒரே ஒரு கேள்விதான். யாரை வைக்கட்டும்?”

கேட்டவர் சங்கரலிங்கம். கடையநல்லூரில் உரக்கடை வைத்திருப்பவர். இளைய மகள் சுகன்யாவின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

கேட்கப்பட்டவர் குழந்தையம்மை. மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம் அவருக்கு. பெயர்தான் குழந்தை. எழுந்து நின்றால் வாசற்கதவை அடைத்துவிடுவார். வயதில் சங்கரலிங்கத்துக்கு ரொம்ப இளையவர்.

“யாரை எதுக்கு வைக்க?”

“கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க.”

குழந்தையம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மணை நிற்கவில்லை.

பிறவிப் பிணிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கும் அந்த மடத்தில் இதே மரியாதைதான்.

“எத்தனை பேரு வந்தாக, அண்ணாச்சி?”

“மூணு பேரு. ஒருத்தன் ட்ரோன் விடுவானாம். மண்டபத்துல ஃபேன் சுத்துமேன்னேன். ஃபேனை நிப்பாட்டிருவோம்ங்கான்.”

“சித்திரை வெயில்லயா?”

“ஆமா. இன்னொருத்தன் கேண்டிட்டாம். எடுக்கிறதே நமக்குத் தெரியாதாம். மாதிரிக்கு என்னைய எடுத்தான். ‘சார், நான் எடுக்கிறது தெரியாத மாதிரி சிரிங்க’ன்னு சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுப் போச்சு.”

“மூணாவது?”

“என் மச்சினர் மகன், செல்வகணபதி. அவனை வைக்கலைன்னா மச்சினர் கல்யாணத்துக்கு வரமாட்டாராம்.”

“வச்சா?”

“வந்துருவாரு. அதுவும் கஷ்டம்தான்.”

குழந்தையம்மை ஒரு வெண்டைக்காயை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

“இதை எப்படிப் பாத்து வாங்குவிய?”

“நுனிய ஒடிச்சுப் பாப்பேன்.”

“போட்டோக்காரனுக்கு எது நுனி?”

சங்கரலிங்கம் விழித்தார். மூன்று பேரையும் மனசுக்குள் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

“விளையாடாதீங்கம்மா. வீட்டுக்காரி கோமதி உடும்புப் பிடியா நிக்கா. போட்டோ மட்டும் சரியா அமையலைன்னா பாருங்கங்கா. பெரியவ கல்யாண ஆல்பத்தை இன்னமும் வாராவாரம் எடுத்து வச்சு உக்காந்திருக்கா. அதுலயும் தாலி கட்டுற அந்த ஒரு பக்கத்தை மட்டும். பொம்பளையளுக்கு இந்த ஆல்பப் பைத்தியம் எப்பத்தான் தீருமோ!”

“நீங்க பாக்கிறதில்லையோ?”

“நான் எதுக்குப் பாக்கணும்? நான்தான் மணவறையிலயே நின்னேனே.”

“அப்போ சொல்லுங்க. தாலி ஏறும்போது பிள்ளை முகம் எப்படி இருந்துச்சு?”

சங்கரலிங்கம் நறுக்கிய வெண்டைக்காயைப் பார்த்தார்.

குழந்தையம்மை காத்திருந்தார். இப்போது அரிவாள்மணையும் நின்றுவிட்டது.

“நீலக் கட்டம்” என்றார் சங்கரலிங்கம்.

“என்னது?”

“நீலக் கட்டம் போட்ட சட்டை. போட்டோக்காரன் முதுகு. அதான் தெரிஞ்சுது. கெட்டிமேளம் கொட்டுனாக. அட்சதை போட்டேன், அவன் மண்டையில விழுந்துச்சு. எட்டிப் பாக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கடையில் என்றால் பூச்சிமருந்து நெடி என்று சமாளித்திருப்பார். இங்கே வெங்காயம்கூட இல்லை, வெண்டைக்காய்தான்.

“என் பிள்ளைம்மா. தூக்கி வளர்த்த பிள்ளை. ஊரெல்லாம் கூப்பிட்டுக் கல்யாணம் பண்ணி, நான் பாக்கலை. இவ கல்யாணத்தையாவது பாத்துரணும்.”

இதுவரை இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. போட்டோக்காரரைப் பற்றிக் கேட்க வந்தவர், உண்மையில் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“தள்ளச் சொல்லலியோ?”

“எப்படிச் சொல்ல? அவன் வேலைய அவன் பாக்கான். குறுக்க போவலாமா?”

“சரி. உங்களுக்குப் பின்னால யாரு நின்னா?”

“பின்னாலயா?” சங்கரலிங்கத்துக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. “யாராச்சும் நின்னிருப்பாக. கல்யாண வீடுல்லா!”

மணி அடித்தது.

அந்த மடத்தில் வேல் ஒன்றுதான் சாமி. சாயங்காலம் திரையை விலக்கிக் கற்பூரம் காட்டுவார்கள். கற்பூரம் அணைந்ததும் திரை விழுந்துவிடும். கண் இமைக்கிற நேரம்தான். அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் அவ்வளவு தூரம் வருவார்கள்.

சங்கரலிங்கம் ஓடிப்போய் முன்வரிசையில் இடம் பிடித்தார். கையைக் கூப்பினார். திரை விலகியது.

அவருக்கு முன்னால் வந்து நின்றார் குழந்தையம்மை.

சங்கரலிங்கம் இடப்பக்கம் சாய்ந்தார். குழந்தையம்மையும் இடப்பக்கம் சாய்ந்தார்.

வலப்பக்கம் சாய்ந்தார். காவிச் சேலையும் வலப்பக்கம் வந்தது.

எம்பிப் பார்த்தார். குழந்தையம்மை இரண்டு கையையும் தூக்கி, சாவகாசமாகக் கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார்.

பூசை செய்யும் பண்டாரம் கற்பூரத் தட்டை ஏந்தினார். மணி வேகம் பிடித்தது. எல்லோரும் “முருகா” என்றார்கள். சங்கரலிங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் காவி.

“கொஞ்சம் தள்ளும்மா!”

மடமே திரும்பிப் பார்த்தது. பண்டாரத்தின் கையில் மணி நின்றுவிட்டது. குருவைப் பார்த்து அந்த மடத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

குழந்தையம்மை உடனே தள்ளிக்கொண்டார்.

சுடர் தெரிந்தது. வேல் தெரிந்தது. சங்கரலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரை விழுந்தது.

அப்புறம்தான் தான் செய்த காரியம் உறைத்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“தெரியாம கத்திட்டேன்மா, மன்னிச்சுக்கணும்.”

“எந்திரிங்க அண்ணாச்சி” என்றார் குழந்தையம்மை. “இந்தத் தொண்டை பெரியவ கல்யாணத்தன்னைக்கு எங்க போயிருந்துச்சு?”

பிறகு வெண்டைக்காயைத் தாளிக்கப் போய்விட்டார்.

சங்கரலிங்கம் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தார். கடையம் தாண்டும்போது தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மூன்று பேரையும் கடைக்கு வரச் சொன்னார்.

ட்ரோன்காரர் கேமராவைத் தூக்கியதும், “தள்ளுப்பா” என்றார்.

“ஆங்கிள் போயிரும் சார்.”

கேண்டிட்காரரிடம், “தள்ளுப்பா” என்றார்.

“சூப்பர் சார்! அந்தக் கோபத்தை அப்படியே வச்சுக்கோங்க!”

செல்வகணபதியிடம், “தள்ளுடே” என்றார்.

செல்வகணபதி பதறி விலகியதில் யூரியா மூட்டைமேல் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே, “இங்கன நிக்கட்டா மாமா?” என்று கேட்டான்.

“நீதாம்டே!” என்றார் சங்கரலிங்கம்.

மச்சினர் வருவார். என்ன செய்ய.

முகூர்த்த நாள் வந்தது. மச்சினரும் வந்தார், வந்து, காப்பியில் சீனி போதாது என்றார்.

மணவறையில் சுகன்யா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கையில் தாலி. “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று ஐயர் விரலை ஆட்டினார்.

செல்வகணபதி கேமராவோடு குறுக்கே பாய்ந்தான். இன்று பச்சைக் கட்டம்.

“தள்ளுடே!”

மேளத்தையும் மீறிக் கேட்டது அந்தக் குரல். செல்வகணபதி தள்ளிக்கொண்டான். சங்கரலிங்கம் ஒரு எட்டு முன்னால் போய், காலை அகட்டி, மலைபோல நின்றார். மகள் முகம் முழுசாகத் தெரிந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடு!

“கொஞ்சம் தள்ளுங்க!”

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. செல்வகணபதி இல்லை. முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல்.

திரும்பினார். கோமதி. கை நிறைய அட்சதையை வைத்துக்கொண்டு பெருவிரலில் எம்பி நின்றுகொண்டிருந்தாள்.

சங்கரலிங்கம் தள்ளிக்கொண்டார். இருந்த இடத்தில் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார். சுகன்யா உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்; அப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள்; சிரிப்பும் அழுகையுமாக முகம் கோணிற்று. அட்சதை மகள் தலையிலேயே விழுந்தது.

கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகளிடமிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள்:

“பெரியவ கல்யாணத்தன்னைக்கு நீங்க போட்டிருந்தது சந்தனக் கலர் சட்டை. முதுகுல, தோள்பட்டைகிட்ட தையல் விட்டிருந்துச்சு.”