குறையாத இருப்பு

நல்லசிவத்துக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று.

கோபியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் தினமும் காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறவள் கோகிலவாணி. ஒரு காலத்தில் வாலிபால் ஆடியவள். ஏழு மாதக் குழந்தையைத் தகரக் கொட்டகையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, முப்பது பேரைக் குனிய வைத்து நிமிர வைப்பாள். பேச்சு குறைவு. யாராவது கேள்வி கேட்டால் பெரும்பாலும் ஒரு வேலைதான் பதிலாகக் கிடைக்கும்.

நல்லசிவம் நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருடங்களில் அவருடைய குடோனில் ஒரு பேரிங் குறைந்ததில்லை, ஒரு பெல்ட் இல்லையென்று யாரும் திரும்பிப் போனதில்லை. காலையில் நாலு வெளியே போனால் சாயங்காலத்துக்குள் நாலு உள்ளே வந்திருக்கும். அதைச் சொல்லும்போது மனிதருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும். கேட்கிறவர்கள் ஏற்கெனவே பத்துத் தடவை கேட்டவர்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவர் இந்த மாடிக்கு வந்ததற்குக் காரணம் சாந்தாமணி, அவருடைய மனைவி. அவளுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. சொந்தத்தில் யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பாள். நல்லசிவத்துடையது பொருந்தியது. ஆனால் அதில் கொழுப்பு ஏறியிருந்தது. இதை இப்படியே எடுக்க முடியாது, ஏழு கிலோ குறைத்துவிட்டு இரண்டு மாதத்தில் வாருங்கள் என்றார் டாக்டர். அதற்கு மேல் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று இவர் கேட்டதற்கு, தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

முதல் மூன்று வாரத்தில் நாலு கிலோ இறங்கியது. அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி.

திங்கட்கிழமை காலை வகுப்பு தொடங்கும் முன்பே நல்லசிவம் வந்து நின்றார். கையில் மகள் வாங்கிக் கொடுத்த, நடக்கிற அடியை எண்ணும் கடிகாரம், கக்கத்தில் நீள நோட்டு. கேள்வியோடு வந்த மாதிரி தெரியவில்லை. பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்க வந்தவர் மாதிரி இருந்தார்.

இரண்டு வாரமாகச் சாந்தாமணியால் எழுந்து நிற்க முடியவில்லை என்றார். வீடு முழுவதும் இப்போது இவர் தலையில். பெருக்குவது, துடைப்பது, துவைப்பது, பாத்திரம், தண்ணீர். நாளைக்கு அறுநூறு கலோரி செலவாவதாகக் கடிகாரமே சொல்கிறது. வகுப்பில் சிலரோ, வீட்டு வேலையெல்லாம் உடற்பயிற்சி ஆகாது என்று கிண்டல் செய்கிறார்கள்.

"வூட்டு வேல கணக்குல வருமா வராதா, ஒரே வார்த்தைல சொல்லிப்போடுங்க டீச்சர்."

கோகிலவாணி கையை நீட்டினாள். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் குழந்தையின் தூளியில் கட்டினாள். பிறகு விசிலை ஊதி வகுப்பைத் தொடங்கிவிட்டாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. இடையில் அந்தப் பக்கம் போனவர்கள் வந்தவர்கள் எல்லாரும் தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்கள். வகுப்பு முடிந்ததும் கோகிலவாணி கடிகாரத்தை அவிழ்த்து நல்லசிவத்திடம் காட்டினாள். இரண்டாயிரத்துச் சொச்சம் அடி நடந்ததாகக் காட்டியது.

"பாப்பா இன்னும் தவழவே ஆரம்பிக்கலைங்ணா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்லசிவமும் சிரித்தார். அவள் விடவில்லை. கடிகாரத்தை அவர் கையில் திரும்பக் கட்டி, இரண்டு வாளிகளைக் கொடுத்து, கீழே குழாயிலிருந்து மாடி டிரம்முக்கு ஆறு நடை தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தார். முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. கனம் இழுத்த இழுப்பில் கை ஆடவே இல்லை, அதனால் கடிகாரம் நூறு அடியைக்கூடத் தாண்டவில்லை.

இப்போதாவது கடிகாரத்தைக் கழற்றி எறிவார் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நல்லசிவத்தின் முகமோ மலர்ந்து போயிற்று. இந்தச் சனியன் நம் உழைப்பைக் குறைத்துத்தானே காட்டியிருக்கிறது, அப்படியானால் இனிமேல் அறுநூறு என்ற இடத்தில் எண்ணூறு என்று எழுதலாம் என்றார். குருவின் அம்பும் சில நாள் பக்கத்து வீட்டில் போய் விழும். கோகிலவாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நோட்டைக் குடுங்ணா."

வாரா வாரம் எடை எழுதிய பக்கத்தைத்தான் அவள் பார்த்திருந்தாள். உள்ளே புரட்டியது இதுவே முதல் தடவை. சிவப்பு மையில் கோடு போட்டு இரண்டு பத்தி. வலது பக்கம் செய்தது, இடது பக்கம் சாப்பிட்டது. முதல் மூன்று வாரமும் இடது பக்கத்தில் மூன்று வேளைச் சாப்பாடு மட்டும்தான். நாலாவது வாரத்திலிருந்து பக்கம் நிறைய ஆரம்பித்திருந்தது. அவள் மெதுவாக வாசித்தாள்.

"துணி துவைத்தது, நூற்றறுபது. எதிரில் தோசை ஒன்று, சட்னியோடு, நூற்றறுபது. வீடு துடைத்தது, தொண்ணூறு. எதிரில் கடலை மிட்டாய், தொண்ணூறு."

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இருப்பு சரி' என்று எழுதி நல்லசிவம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இது என்ன என்று கேட்டாள். அவருக்கு அந்தக் கேள்வியே வியப்பாக இருந்தது. செலவானதை அன்றன்றைக்கே ஈடு செய்யாவிட்டால் என்ன ஸ்டோர் அது என்றார். பசிக்காத நாளிலும் கணக்கு நேராக வேண்டுமே என்று சாப்பிட்டிருக்கிறாராம். எளைச்சுப் போறீங்க, இன்னொண்ணு வெச்சுக்கோங்க என்று கட்டிலில் படுத்தபடி சாந்தாமணியும் ஒத்து ஊதுவாளாம்.

"நானும் படுத்துட்டா அவளை யாருங் டீச்சர் பாக்கறது?" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

கோகிலவாணி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். குழந்தை விழித்துக்கொண்டது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தட்டிக் கொடுத்தாள்.

நல்லசிவம் விடுவதாக இல்லை.

"அப்ப வூட்டு வேல கணக்குல சேருமுங்களா, சேராதுங்களா?"

"எல்லாம் சேருமுங்ணா. ஒண்ணு விடாம எழுதுங்க."

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. நின்ற நிலையிலேயே நோட்டை டிரம்மின் மூடிமேல் விரித்து, வலது பத்தியில் 'வாளி, ஆறு நடை' என்று எழுதினார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துத் தாளைப் பாதி பிரித்தார். பேனா தானாகவே இடது பத்திக்கு நகர்ந்தது.

கோகிலவாணி அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இதைக் காலியா உடுங்க."

நல்லசிவம் அந்தக் கையைப் பார்த்தார். எடுப்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் எடுக்கவில்லை.

"கணக்கு நேராகாதுங்களே டீச்சர்."

"ஆக வேண்டாமுங்ணா. அக்காளுக்கு ஈரலை எடுத்துக் குடுக்கோணும்னா, இந்த ஒரு குடோன்ல இருப்பு கொறைஞ்சாத்தான் ஆச்சு."