நங்கை அடிகள் கேட்ட ஈடு

“அடிகளே, அவர்கள் வீட்டை நான் கொளுத்தினால் பாவமா?”

கேட்டவன் சேந்தன். தென்கரையில் தறி நெய்பவன். ஐம்பது வயது. நங்கை அடிகளிடம் பாடம் கேட்க வந்தபோதே தலை நரைத்திருந்தது. அடிகள் அவனைவிடப் பத்து வயது இளையவர்.

அடிகள் கரிந்த சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். போன மாதம்வரை அது ஏழை நோயாளிகளுக்கான மருந்துச் சாலை.

“உங்களுக்கு என்ன போயிற்று?”

“தெரியாதா? வடகரைப் படை தோற்று ஓடும்போது ஊருக்கே தீ வைத்துவிட்டுப் போனது. நாற்பது வீடு. என் தறி, தறியில் பாதி நெய்த சேலை, எல்லாம் சாம்பல். என் மனைவி புளியமரத்தடியில் சமைக்கிறாள்.”

“அரசர் என்ன சொல்கிறார்?”

“வீடு இழந்தவன் ஆற்றைக் கடந்து போய், அங்கே ஒரு வீட்டைக் கொளுத்தலாம் என்று ஆணை. அமாவாசைவரை தவணை. நம் தளபதி வடகரையில் பந்தங்களோடு காத்திருக்கிறார். ஊரே கிளம்பப் போகிறது.”

“உங்களுக்கு என்ன வேண்டும்?”

“ஈடு வேண்டும்.”

அடிகள் கையிலிருந்த கரியைத் தட்டினார்.

“வாருங்கள். எனக்கும் வேண்டும்.”

சேந்தனால் நம்ப முடியவில்லை. பொறுத்துக்கொள் என்பார், மன்னித்துவிடு என்பார் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

முதல் ஓடத்திலேயே இருவரும் போனார்கள்.

*

தளபதி எழுந்து வணங்கினார்.

“அடிகளுக்குமா?”

“என் சாலையும் எரிந்ததே.”

அவர் தயங்கித் தயங்கி ஒரு பந்தத்தைக் கொடுத்தார். சேந்தன் இன்னொன்றைத் தானே எடுத்துக்கொண்டான்.

பெரிய வீடுகளை அடிகள் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசித் தெருவில் ஒரு தச்சன் வீட்டின் முன் நின்றார். வாசலெல்லாம் மரத்தூள். சுவரோரம் காய்ந்த பலகைகள்.

நன்றாகப் பற்றும் என்று சேந்தன் நினைத்தான்.

தச்சன் விண்ணன் வெளியே வந்தான். பின்னால் அவன் மனைவி சாத்தி. பந்தத்தைப் பார்த்ததும் அவள் போய் ஆட்டை அவிழ்த்துவிட்டாள்.

“அடுப்பு எங்கே?” என்று கேட்டார் அடிகள்.

சாத்தி கையைக் காட்டினாள்.

அடிகள் உள்ளே போனார். குனிந்து அடுப்பிலிருந்த சுள்ளிகளைப் பற்றவைத்தார். பந்தத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்.

பின்னாலேயே வந்த தளபதி, “வீடு எரியவில்லையே” என்றார்.

“அரசர் கொளுத்தலாம் என்றாரா, கொளுத்த வேண்டும் என்றாரா?”

தளபதி யோசித்தார். “கொளுத்தலாம் என்றார்.”

அடிகள் தச்சன் பக்கம் திரும்பினார்.

“உங்கள் படை என் மருந்துச் சாலையை எரித்தது.”

“நான் எரிக்கவில்லை, தாயே.”

“தெரியும். ஆனாலும் எனக்குக் கூரை வேண்டும். மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நோயாளிகள் பதினொரு பேர் வெட்டவெளியில் கிடக்கிறார்கள்.”

விண்ணன் வெளியே சுவரோரம் கிடந்த பலகைகளை எட்டிப் பார்த்தான்.

“கட்டித் தருகிறேன். ஆனால் உங்கள் ஊரில் கால் வைத்தால் என்னை அடித்தே கொன்றுவிடுவார்கள்.”

“இவரை அனுப்பினால் உயிரோடு திரும்பி வருவாரா?” என்றாள் சாத்தி.

அடிகள் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அவர் திரும்பும்வரை நான் இங்கே இருக்கிறேன். அவர் வராவிட்டால், என்னை என்ன செய்யத் தோன்றுகிறதோ செய்யுங்கள்.”

“அடிகளே!” என்று பதறினார் தளபதி.

அடிகள் சேந்தனைத்தான் பார்த்தார்.

“சேந்தரே, இவரைக் கூட்டிப் போங்கள்.”

சேந்தனின் கையில் பந்தம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. விண்ணனே அதை வாங்கி மண்ணில் தேய்த்து அணைத்தான். பிறகு உளிப் பையை எடுத்துக்கொண்டான்.

*

தென்கரைத் துறையில் ஊரார் ஓடத்துக்காகக் காத்து நின்றார்கள்.

“யார் இவன்?” என்று கேட்டான் காரி. அவன் குயவன். சூளையை இழந்தவன்.

“வடகரைத் தச்சன்.”

சட்டென்று கைகளில் கற்கள் வந்துவிட்டன. சேந்தன் தச்சனுக்கு முன்னால் போய் நின்றான். முதல் கல் அவன் தோளில் பட்டது.

“நகர்ந்துகொள்! அடிகள் எங்கே?”

“இவன் வீட்டில். இவனுக்குப் பிணையாக.”

“பிணையா? எவன் பிடித்து வைத்திருக்கிறான் அவரை?”

சேந்தன் ஒவ்வொரு கையையும் பார்த்தான்.

“நாம்தான்” என்றான்.

அதற்குப் பிறகு யாரும் எறியவில்லை. யாரும் வழிவிடவும் இல்லை. இருவரும் கூட்டத்தை இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

*

விண்ணன் பதினாறு நாள் வேலை செய்தான். சேந்தன் அவனை விட்டு நகரவில்லை. விட்டத்தைத் தூக்கிக் கொடுத்தான், கயிறு பிடித்தான், அவன் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் கரையில் நின்றான்.

சேந்தனின் மனைவி இரண்டு பேருக்கும் கஞ்சி கொண்டுவந்தாள். விண்ணனின் கலயத்தை எட்டத்தில் வைத்துவிட்டுப் போவாள். பத்தாம் நாள் அப்படி வைக்கவில்லை.

கூரை முடிந்த அன்று சேந்தன், “எனக்கும் தறி வேண்டும்” என்றான். கடுமையாகத்தான் சொன்னான்.

விண்ணன் அளவு கேட்டான்.

அமாவாசைக்குள் வடகரையில் இரண்டு வீடுகள் எரிந்தன. வீடு இழந்த மற்றவர்கள் ஆற்றைக் கடந்து போய் ஆள் கேட்டுக் கூட்டி வந்தார்கள். ஒருவர் கொத்தனை, ஒருவர் கூரை வேய்பவனை. காரி கூட்டி வந்தவனுக்கு எந்த வேலையும் தெரியவில்லை. மண் மிதிக்கச் சொன்னான்.

முதல் மழை பெய்த காலையில் சேந்தன் விண்ணனை அவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். சாத்தி ஓடி வந்து கணவனின் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

உள்ளே அடிகள் ஒரு கிழவரின் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஓடம் நடு ஆற்றுக்கு வந்ததும் சேந்தன் கேட்டான்.

“அடிகளே, எங்கள் ஆட்கள் விண்ணனைக் கொன்றிருந்தால்?”

“சாத்தியும் அதைத்தான் கேட்டாள். தினமும் கேட்டாள்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“சேந்தர் கூடப் போயிருக்கிறார் என்றேன்.”